லோசலீனின் இரக்கம்

லோசலீன் நர்ஸ் ஆனது இரக்கத்தால்தான் என்று எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். படகிலிருந்து புதிதாக ஓர் ஆள் இறங்கினால் போதும், பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அந்தக் கதை அவர் காதில் விழுந்துவிடும். நான் அவளுடைய அண்ணன் மனாசேயின் மனைவி, லூப்பே. வடக்கே வவாவ் தீவுப் பக்கத்திலிருந்து இந்த ஹாபாய்த் தீவுக்கு வாழ வந்தவள். அந்தக் கதையை நான் கேட்ட கேட்புக்கு இதற்குள் என் காது மரத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு தடவையும் எரிகிறது.

கதை இதுதான். மே மாதத்தில் பிள்ளைகளின் ஞாயிறு வரும். பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை உடுப்பு மாட்டி, மனப்பாடம் செய்ய வைத்து, சபைக்கு முன்னால் நிறுத்துவார்கள். சின்னப்பிள்ளை லோசலீன் தன் வசனத்தைச் சொல்லி முடித்தும் இறங்காமல் நின்றாளாம். "நான் பெரிசானா நர்ஸ் ஆவேன். நோயாளிங்களப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு" என்று சொல்லிவிட்டு விசும்பினாளாம். சபை மொத்தமும் அழுததாம். எங்கள் சபை அழுவதற்குக் காரணமே வேண்டியதில்லை. அடுத்த கிராமத்துக் கோழி செத்தது என்று பாதிரியார் சற்று நடுங்கும் குரலில் அறிவித்தால் அதற்கும் கைக்குட்டையை எடுப்பார்கள். ஆனால் அன்றைய அழுகை அவள் தலையில் முத்திரையாக விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கப்பல் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

தலைநகரத்தில் படித்தாள். அங்கேயே ஆஸ்பத்திரியில் சில வருஷம் இருந்தாள். கெட்டிக்காரிதான், அதை இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். அவள் ஊசி போட்டால் குழந்தை அழ நினைப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருத்தியாக ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் பறந்தார்கள். இவளுக்கும் அழைப்பு வந்தது. "என் ஜனங்க இங்க கஷ்டப்படறப்ப நான் அங்க போயி யாருக்கோ கஞ்சி ஊட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, மேலிடத்தில் மன்றாடி எங்கள் தீவு கிளினிக்குக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வந்திறங்கிய அன்று பன்றிகள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மண் அடுப்புகள் ஊர் முழுக்கப் புகைந்தன. பாதிரியார் சேமிசி எழுந்து இரக்கத்தைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினார். சேப்பங்கிழங்கு ஆறிக் கல்லாகும் வரை பேசினார். ஆண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். என் கணவன் மனாசே கையெல்லாம் சிவக்கத் தட்டினான்.

அத்தனை பேர் அங்கே இருந்தோம். அதில் ஒருத்தருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. பாதிரியாருக்குத் தோன்றவில்லை, மாற்றல் கொடுத்த மேலிடத்துக்குத் தோன்றவில்லை, இரக்கமே உருவான அந்த அம்மாளுக்கும் தோன்றவில்லை. கை தட்டிய ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அவளுக்கு அண்ணன் தம்பி.

எங்களில் பெரியப்பா மகன், சித்தி மகன், மாமன் மகன், அத்தை மகன் என்று பிரிவினை கிடையாது, எல்லாரும் உடன்பிறப்புதான். விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். அவள் வாசல் வழியாக வந்தால் அவன் ஜன்னல் வழியாகப் போவான். உடம்பைப் பற்றி ஒரு சொல் அவர்களுக்கு நடுவில் வரக்கூடாது. போதாததற்கு, பெண்தான் உசத்தி. வயதில் எவ்வளவு சின்னவளாக இருந்தாலும் சகோதரி சகோதரனுக்கு மேலே. விருந்தில் முதல் துண்டு அவளுக்கு. அவள் ஒன்று சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. அவன் பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்தால் அவள் அவர்கள் இருவருக்கும் கீழே, விரித்த பாய்க்கும் கீழே. என் கல்யாணத்தில் என் அம்மா கண் நோக முடைந்த மெல்லிய பாயை லோசலீன் எடுத்துக்கொண்டாள். "தயவு செஞ்சு நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டாள். உத்தரவு போட உரிமை உள்ளவள் கெஞ்சிக் கேட்கிறாளே, என்ன மென்மை என்று ஊர் உருகியது. பாய் போனது என்னவோ போனதுதான்.

கிளினிக் திறந்த முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. இருமிக்கொண்டு ஒருவன் வருவான். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்ததும் இருமலை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போவான். நொண்டிக்கொண்டு வந்தவர்கள் நேராக நடந்து போனார்கள். ஆக மொத்தம், ஊர் ஆண்களை எட்டிப் பார்க்க வைத்தே குணமாக்கினாள் லோசலீன்.

அப்புறம் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. வேறென்ன, மனைவிமார்களை அனுப்பியது. கணவன் வீட்டில் படுத்திருப்பான், அவன் வியாதியை நாங்கள் சுமந்துகொண்டு போவோம். கிளினிக் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக எங்கள் உடம்பில் காட்டுவோம். "இங்க வலிக்குதாம்." "இங்கிருந்து இங்க இழுக்குதாம்." ஒருத்தி தன் கணவன் எப்படி இருமுகிறான் என்று இருமியே காட்டினாள். லோசலீன் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள். கடவுள் சத்தியமாக வைத்துக் கேட்டாள்.

படகுக்காரன் சியோசிக்குப் பின்பக்கத்தில் கட்டி வந்தபோது அவன் மனைவி மெலியானா வந்தாள். சியோசி லோசலீனுக்குச் சித்தி மகன், தம்பி முறை.

"எங்க கட்டி?" என்றாள் லோசலீன், தலையைக் குனிந்துகொண்டு.

"உக்கார்ற எடத்துல" என்றாள் மெலியானா.

"எந்தப் பக்கம்?"

மெலியானா எழுந்து நின்று, திரும்பி, தன்னுடையதை ஒரு தட்டுத் தட்டினாள். "இந்தப் பக்கம். கறிப்பலா சைஸு."

பெஞ்சிலிருந்த நாங்கள் சிரித்துச் சிரித்து விழுந்தோம். லோசலீன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. "பாவம், எப்படித் தாங்கறானோ" என்று சொல்லிக் களிம்பை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாவம்தான். கட்டிக்கும் பாவம், இருமலுக்கும் பாவம். சக்கரை வியாதிக்காரர்களுக்கு மாத்திரையோடு சேர்த்து ஒரு பாவம். பார்க்காத நோயாளிக்கு அவள் இரங்கினாள், அந்த நோயாளி வீட்டில் டின் மாட்டிறைச்சியை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். இதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சேமிசி எங்களுக்கு உதாரணமாகக் காட்டினார்.

என் கணவனுக்கும் சக்கரை உண்டு. பெரிய உடம்பு, நல்ல மனசு, மரமண்டை. ஒரு நாள் பாறைத் திட்டில் வலை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவனின் கால் பட்ட இடமெல்லாம் பாயில் சிவப்பாக இருந்தது. உள்ளங்காலைப் பவளப்பாறை கிழித்திருந்தது. அவனுக்கு வலியே தெரியவில்லை. வலி தெரியாததை அவன் வீரம் என்று நினைத்தான். "ஒண்ணும் இல்ல லூப்பே, கீறல்" என்றான்.

கீறல் ஆறவில்லை. ஓரம் வெளுத்தது, நடுவில் குழி விழுந்தது. நான் போய் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் செருப்பைக் கழற்றி என் உள்ளங்காலைத் தூக்கி லோசலீனிடம் காட்டினேன்.

"இங்க. இவ்வளவு பெரிசு" என்று விரலால் வட்டம் போட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். என் காலில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு? வெடிப்பும் மண்ணும் இருந்தன. அதைப் பார்த்து அவள் கண் கலங்கியது.

"அண்ணனுக்கு வலிக்குதா?"

"வலிக்கலங்கறாரு. அதான் எனக்குப் பயமா இருக்குங்க."

"சுத்தமா வச்சுக்கோ, லூப்பே. தெனம் கட்டு மாத்து. இந்த மாத்திரையக் குடு. நான் ஜெபம் பண்றேன்."

கட்டு மாற்றினேன். மாத்திரை கொடுத்தேன். குழி ஆழமானது. பெருவிரல் பக்கம் ஒரு கருநிறம் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது. நான் மறுபடி போனேன், மறுபடி என் காலைத் தூக்கினேன். பெரிய தீவு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டேன்.

"அனுப்பறதுதான் நல்லது" என்றாள். பிறகு கைகளைப் பிசைந்தாள். "ஆனா அவர் மனசு நோகுமே. நான் சொன்னா கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும். நீயே பதமா எடுத்துச் சொல்லேன்."

நான் பதமாகவும் சொன்னேன், கத்தியும் சொன்னேன். மனாசே அசையவில்லை.

"அங்க போனா என்ன கேப்பான்? ஒங்க தீவுல நர்ஸ் இல்லையாம்பான். இருக்காங்கன்னு சொன்னா, அப்ப ஏன் அவகிட்ட காட்டலம்பான். என் தங்கச்சி பேரு என்ன ஆகறது? அவ இரக்கப்பட்டு இங்க வந்தவ."

"அப்ப அவகிட்டயே காட்டேன்யா!"

அவன் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவனை நடுச் சபையில் துணியை அவிழ்க்கச் சொன்னது போலிருந்தது. "அவ என் காலைத் தொடறதா? லோசலீனா? என் காலையா?" என்றான். அதற்கு மேல் பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கால் கெட்டாலும் பரவாயில்லை, பேர் கெடக்கூடாது. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒருத்தர் பேரை ஒருத்தர் காப்பாற்றுவதுதான் தொழில். அந்த நாற்றத்தோடு படுத்து எழுந்திருப்பது மட்டும் என் தொழில்.

லோசலீன் பாதிரியாரை அனுப்பி வைத்தாள். சேமிசி வந்தார். மனாசேயின் காலுக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜெபித்தார், சாப்பாடு வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நான் கோழி அடித்திருந்தேன். "இப்படி ஒரு தங்கச்சி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், மனாசே" என்று எலும்பைச் சப்பிக்கொண்டே சொன்னார். என் கணவன் தலையாட்டினான். கட்டைப் பிரித்துக் காட்டட்டுமா என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம்மா, கர்த்தர் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு வேகமாக எழுந்துபோனார்.

ஒரு சனிக்கிழமை காலை அவனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. கட்டைப் பிரித்தேன். கறுப்பு விரல்களைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறியிருந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கமாக ஒரு சிவப்புக் கோடு போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். என் தம்பியின் மாமனார் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

நான் கிளினிக்குக்கு ஓடினேன். சனிக்கிழமை குழந்தைகளை எடை போடும் நாள். பெஞ்சு நிறைய தாய்மார்கள். இந்தத் தடவை நான் என் காலைத் தூக்கவில்லை.

"லோசலீன், ஒன் அண்ணன் சாகப் போறான்" என்றேன்.

'நீங்க' போய் 'ஒன்' வந்ததைப் பெஞ்சில் எல்லோரும் கேட்டார்கள். அண்ணன் பெண்டாட்டி நாத்தனாரிடம் அப்படிப் பேசி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. மெலியானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலில் ஏறும் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். லோசலீன் முகம் வெளுத்தது. தராசில் இருந்த குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தாள். வழக்கம்போலக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"அழாதே! ஒன் அழுகையக் கட்டுல வச்சுக் கட்டியும் ஆறல. சின்னப் பிள்ளையிலேருந்து அழுவுறியே, யாருக்கு என்ன ஆச்சு? வா வீட்டுக்கு."

பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சீருடைக்கு மேலே, மரியாதைக்குக் கட்டும் இடுப்புப் பாயையும் கட்டிக்கொண்டுதான் வந்தாள். வீட்டு வாசல் வரை வந்தாள். அதற்கு மேல் கால் எழவில்லை. மனாசே உள்ளே படுத்திருந்தான். அவள் வெளிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீ உள்ள போ, லூப்பே. நான் இங்கேருந்து சொல்றேன்."

சொன்னாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கையைக் கழுவு என்றாள், கழுவினேன். கட்டைப் பிரி, சுற்றி அழுத்திப் பார், என்ன வருகிறது என்றாள். என்ன வந்தது என்று சொன்னேன். என்ன நிறம் என்றாள். எவ்வளவு ஆழம் என்றாள். அழுகின சதையைக் கத்தரிக்க வேண்டும் என்று சொல்லி ஜன்னல் வழியாக ஒரு கத்தரியை நீட்டினாள். கை மட்டும் உள்ளே வந்தது. மனாசே அந்தக் கையைப் பார்த்ததும் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துக்கொண்டான். முன்னே நான் அழுத்தியபோது வலித்த இடத்திலும் கூச்சல் போடாமல் போர்வையைத்தான் கடித்திருந்தான். தங்கை காதில் விழக்கூடாதாம்.

கத்தரியைப் புண்ணருகே கொண்டுபோனேன். எது அழுகியது, எது நல்லது என்று எனக்கு என்ன தெரியும்? நான் மீன் அறுத்தவள்.

"லூப்பே, என்ன ஆச்சு? வெட்டினியா?"

"வெட்டல."

"மெதுவா, பயப்படாம..."

நான் கத்தரியைத் தரையில் விட்டெறிந்தேன். சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"எனக்குத் தெரியாதுடி! ஒனக்குத்தான் தெரியும். ஒன்னத்தான படிக்க வச்சாங்க!"

"என்னால எப்படி லூப்பே... அவர் தாங்கமாட்டார். அவருக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கும்..."

"அவன் தாங்கறானா தாங்கலையான்னு ஒன்ன யார் கேட்டா? நீ அவனுக்கு மேல. என் கல்யாணத்துலேருந்து அதத்தான் எனக்குச் சொல்லிச் சொல்லிக் குடுத்தீங்க. நீ சொன்னா அவனால மாட்டேன்னு சொல்ல முடியாது. இத்தன வருஷமா பாயி, பன்னித் தொடை, எல்லாம் அந்த உரிமையிலதான வாங்கின? இப்ப அந்த உரிமைய எடு. உத்தரவு போடு!"

பின்னாலேயே வந்துவிட்ட பெஞ்சுப் பெண்கள் ஜன்னலோரம் நெருங்கினார்கள். பிறகு லோசலீனின் குரல் வந்தது, அந்தப் பழைய தேன் குரல்.

"அண்ணா... தயவு செஞ்சு..."

"வேணாம் லோசலீன்" என்றான் மனாசே. "ஒனக்கு அது வேணாம். நீ போ."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"மனாசே!"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. படுத்திருந்தவன் தோள் குலுங்க எழுந்து உட்கார்ந்தான்.

"போர்வைய எடு. காலை நீட்டு. நான் உள்ள வரேன். நீ எந்திரிச்சுப் போகக் கூடாது, மூஞ்சியத் திருப்பிக்க வேணும்னா திருப்பிக்க. வாயத் தெறந்த, ஊர்ல இருக்கற அத்தன பேர் முன்னாடியும் ஒன்ன நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பேன்."

அவன் போர்வையை எடுத்தான். காலை நீட்டினான். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! என் கெஞ்சலுக்கும் கத்தலுக்கும் நகராத கால், இரண்டு வார்த்தைக்கு நீண்டு கிடந்தது.

லோசலீன் உள்ளே வந்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் இரக்கம் ஒரு சொட்டும் இல்லை. அருவருப்பு இருந்தது. கோபம் இருந்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் கை சுத்தமாக, ஒரு வீண் அசைவில்லாமல் வேலை செய்தது.

"பன்னிக்குக் குடுக்கற கவனத்துல பாதியக் காலுக்குக் குடுத்திருந்தாப் போதும்" என்றாள். கத்தரி ஓடியது. "வலிக்கலையாம். பெரிய வீரன். செத்த சதை எங்கடா வலிக்கும்? இவ தெனம் வந்து அவ காலைத் தூக்கிக் காட்டறா, நானும் பாத்துட்டு மாத்திரை குடுக்கறேன். நாம மூணு பேரும் முட்டாளுங்க. ஆடாதே! ஆடினா கட்டிப் போடுவேன்."

மனாசே சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். ஆனால் ஆடவில்லை.

கட்டுப் போட்டு முடித்ததும் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். மெலியானாவின் பின்னால் சியோசி நின்றுகொண்டிருந்தான், வேடிக்கை பார்க்க வந்தவன். லோசலீனைக் கண்டதும் வழக்கம்போல நழுவப் பார்த்தான்.

"சியோசி! படகு எடு. பெரிய தீவுக்கு, இப்பவே."

"படகு சபைக்காரங்கள ஏத்த..." என்று அவன் கால் விரலைப் பார்த்துச் சொன்னான்.

"ஒன் பின்பக்கத்துக் கட்டி ஆறிடுச்சா?"

இருபது பெண்களுக்கு முன்னால், அக்கா வாயால் அது வந்தது. சியோசியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஆறியிருந்தா உக்காந்து ஓட்டு. ஆறலேன்னா நின்னுக்கிட்டு ஓட்டு" என்றாள்.

அவன் கடற்கரைக்கு ஓடியதை எங்கள் தீவு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் வழி விட்டார்கள். லோசலீன் படகில் அண்ணனின் காலை மடியில் வைத்துக்கொண்டு பெரிய தீவு வரை போனாள்.

உயிர் மிஞ்சியது. கால் மிஞ்சவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். லோசலீன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் அவளை இரக்கமுள்ளவள் என்று சொல்வதை நிறுத்திவிட்டது. சேமிசியின் பிரசங்கத்தில் இரக்கத்தின் இடத்துக்குத் தாழ்மை வந்தது, அதுவும் பெண்களுக்குத் தேவையான தாழ்மை. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்கள் கூடி உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடிக்கும் கூடத்துக்கு முன்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். "பொண்டாட்டிய அனுப்பாதே, நீ வா" என்பாள். மறுபேச்சு பேச முடியாத அண்ணன் தம்பிகள், கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காலையில் பெஞ்சுக்கு வருகிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு புண்ணைக் காட்டுகிறார்கள். திட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவளுக்குப் பொல்லாதவள் என்று பேர் வந்துவிட்டது. விருந்துக்கு அழைக்கும்போது குரலில் முன்பிருந்த உருக்கம் இல்லை.

நான் அவளை மன்னித்துவிட்டேனா என்று மெலியானா கேட்டாள். எதற்கு மன்னிக்க வேண்டும்? என் கணவனைத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோவது நான். கண்ணீர் விட்டுக்கொண்டே எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவள் அவள். காப்பாற்றினாள், அதுவும் உண்மை. இரண்டும் எனக்குள் சேர மாட்டேன் என்கின்றன.

மனாசே வீடு திரும்பியதும், கட்டு மாற்ற முதல் தடவையாக அவள் வந்தாள். கூடத்துக்குள் நேராக வந்து உட்கார்ந்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"நீட்டு" என்றாள்.

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிச்சமிருந்ததை நீட்டினான். அவள் பிரித்தாள், துடைத்தாள், புதுக் கட்டுப் போட்டாள். சக்கரை மாத்திரை விழுங்காமல் விட்டதற்கு ஒரு திட்டு, குனிந்து உட்கார்ந்ததற்கு ஒரு திட்டு. நான் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் அவள் பையை மூடினாள்.

மனாசே சுவரைப் பார்த்தபடியே என்னிடம் பேசினான். நேராக அவளிடம் பேசுவது முறையில்லை அல்லவா.

"லூப்பே, அவ திட்டினா எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல" என்றான். "காலு இருந்தப்பவே திட்டியிருக்கலாம்."

லோசலீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"நாளைக்கும் வருவேன்" என்றாள் என்னிடம். "தயாரா இருக்கச் சொல்லு."